மெரினாவில் பறந்த டகோட்டா 1947-ல் ஸ்ரீநகரில் இறங்கிய அதே விமானமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியில் டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானம் பறந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், "1947-ல் ஸ்ரீநகரில் இறங்கியது இதே விமானம்தான்" என்றிருக்கிறார். இன்னொருவர், "பறக்கவிடுவதெல்லாம் புதுசா செஞ்சது, அசலைப் பார்க்கணும்னா மியூசியத்துக்குத்தான் போகணும்" என்றிருக்கிறார். யார் சொன்னது சரி, அடுத்த கோடையில் இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது ஏர் ஷோவுக்கு நேரம் ஒதுக்குவதா மியூசியத்துக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி டகோட்டாவில் ஆரம்பித்தாலும், எண்பது வருஷப் பழைய விமானம் ஒன்றை எதை வைத்து "அதே விமானம்" என்று சொல்வது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்லப் போகிறேன்.

நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பிரிவு விமானத்தின் உடற்பகுதி, இறக்கை. எஞ்சின் ஆட்கள் வேறு. ரிவெட் அடிப்பது, விரிசல் தேடுவது, அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது என்றே காலம் போனது. ஓய்வுக்குப் பிறகு எங்கே போனாலும் பக்கத்தில் விமான மியூசியம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் அனுபவம் உலோக விமானங்களில் மட்டும்தான். மரத்தாலும் துணியாலும் ஆன முதல் உலகப் போர் விமானங்களைப் பற்றிச் சொல்லும்போது, பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டகோட்டா விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. மெரினாவில் நீங்கள் பார்த்தது ஸ்ரீநகரில் இறங்கிய விமானம் இல்லை. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் எண் விபி 905. நீங்கள் பார்த்தது, இப்போது நம் விமானப்படையிடம் இருக்கும் 'பரசுராமா' என்ற டகோட்டா. அது பிரிட்டனில் பழுதுபார்க்கப்பட்டு 2018-ல் இங்கே பறந்து வந்தது. அந்த ஸ்ரீநகர் விமானத்தின் நினைவாக அதன் எண்ணை இதன்மேல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதைப் போலி என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த உண்மையான டகோட்டா இது. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தது, பின்னால் பல ஆண்டுகள் அங்கே சிவில் பதிவெண்ணோடு பறந்தது. அதற்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது, அது காஷ்மீர்ப் போரில் கழியவில்லை, அவ்வளவுதான். உங்கள் பக்கத்தில் நின்ற இருவருமே பாதி சரி, பாதி தப்பு.

இப்படி ஒரு விமானத்துக்கு இன்னொன்றின் எண்ணை எழுதுவது ஏமாற்று வேலை இல்லை. உலகம் முழுக்க இருக்கும் பழக்கம், செய்பவர்கள் அதை மறைப்பதும் இல்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பிரிவு பல ஆண்டுகளாகப் பறக்கவிடும் லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் சொந்த எண் பிஏ 474. கட்டி முடித்தது 1945-ல். ஜப்பான் பக்கம் அனுப்பத் திட்டமிட்டிருந்தார்கள், அதற்குள் போர் முடிந்துவிட்டது. ஒரு குண்டுகூட அது போர்க்களத்தில் போட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் வண்ணத்தையும் எழுத்துகளையும் மாற்றி, போரில் பறந்த வெவ்வேறு லான்காஸ்டர்களின் வேடத்தைப் போடுகிறார்கள். அதே பிரிவில் இருக்கும் ஸ்பிட்ஃபயர் பி 7350-இன் கதை வேறு. 1940-ல் பிரிட்டனுக்காக நடந்த வான்போரில் சண்டை போட்ட விமானம் அது. பறக்கும் நிலையில் இருக்கும் ஸ்பிட்ஃபயர்களில் மிகப் பழையதும் அதுவே. பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தால் எது போருக்குப் போனது, எது போகாதது என்று தெரியாது. எண்ணை வைத்து மட்டும் எதையும் நம்பக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். ஒரு விமானத்தின் பெயரைத் தேடும்போது, இந்த உடல் எப்போது எந்தத் தொழிற்சாலையில் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பறக்கும் விமானத்தில் பழைய உலோகம் அப்படியே இருக்க முடியாது. அலுமினியத்தோடு செம்பு கலந்த டுராலுமின் வகைக் கலவைதான் அந்தக் கால விமானங்களின் தோல் தகடு, உள்சட்டம் எல்லாம். வலுவானது, எடை குறைந்தது. ஆனால் ஈரம் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் உலோகத்தின் படிகங்களுக்கு இடையிலேயே அரிப்பு ஓட ஆரம்பித்துவிடும். மேலே வண்ணம் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகக் குத்தினால் பொடியாக உதிர்ந்த தகடுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உலோகக் களைப்பு. ஒவ்வொரு முறை மேலே ஏறி இறங்கும்போதும் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் வளைந்து நிமிர்கிறது. சில ஆயிரம் மணி நேரங்களுக்குப் பிறகு ரிவெட் துளைகளின் ஓரத்தில் முடியளவு விரிசல் தொடங்கும். அதனால்தான் ஸ்பாருக்கு மணிக்கணக்கு வைத்து, கணக்கு முடிந்தால் மாற்றுகிறோம். மேலே சொன்ன பிஏ 474-க்கும் 1990-களில் முதன்மை ஸ்பாரை மாற்றினார்கள். ரப்பர் குழாய், எண்ணெய் சீல், மின்கம்பி, டயர் இவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எதையும் எண்பது வருஷம் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் கூடாது. பறக்க அனுமதி கொடுக்கும் ஆய்வாளர் முன்னால் "இது வரலாற்றுப் பொருள், மாற்ற மனசு வரவில்லை" என்று சொல்ல முடியாது.

ஆக, பறக்க வேண்டுமென்றால் புதுப்பிக்க வேண்டும். அசலாக வைத்திருக்க வேண்டுமென்றால் புதுப்பிக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுப்பவை. நீங்கள் கேட்டது எல்லாமே இந்த இழுபறிக்குள் அடங்கிவிடும். வானத்தில் பார்க்கும் ஒரு ஸ்பிட்ஃபயரில் 1940-களின் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பது விமானத்துக்கு விமானம் மாறும். போரில் விழுந்து மண்ணுக்குள் கிடந்த சிதைவிலிருந்து சில பாகங்களையும், தொழிற்சாலை அடித்த அடையாளத் தகட்டையும் எடுத்து, பழைய வரைபடங்களைப் பார்த்து மீதி முழுவதையும் புதிதாகக் கட்டியவை உண்டு. போர் முடிந்ததிலிருந்து விடாமல் யாரோ ஒருவர் கையில் பராமரிப்பில் இருந்து, பெரும்பகுதி பழைய உடலோடு பறப்பவையும் உண்டு. காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே தகுதி, ஏனென்றால் சட்டப்படி விமானத்தின் அடையாளம் அந்தத் தகட்டையும் தொடர்ந்து வரும் பதிவேடுகளையும் பிடித்துக்கொண்டு நகர்கிறது. கோயில் தேரின் சக்கரத்தையும் அச்சையும் சட்டத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் ஊர்க்காரர்கள் அதை அதே தேர் என்றுதான் வடம் பிடிக்கிறார்கள், அது மாதிரி. ஆனால் ஒரு குறிப்பிட்ட விமானத்தில் இத்தனை சதவீதம் அசல் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். கட்டியவர்களின் வேலைப் பதிவேட்டைப் பார்க்காமல், பிரித்துப் பார்க்காமல், அதைச் சொல்ல என் போன்ற ஆட்களாலும் முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் சில தன்னார்வலர்கள் சேர்ந்து முதல் உலகப் போர் காலத்து சாப்வித் டிரைப்ளேன் (மூன்றடுக்கு இறக்கை விமானம்) ஒன்றை அசல் வரைபடங்களின்படி, அசல் முறையிலேயே பல ஆண்டுகள் உழைத்துக் கட்டினார்கள். அன்று அந்த ரகத்தைத் தயாரித்த நிறுவனத்தை நடத்திய சர் தாமஸ் சாப்வித் அப்போது உயிரோடு இருந்தார், 101 வயது வரை வாழ்ந்தவர் அவர். வேலையின் தரத்தை அறிந்து, இதை நகல் என்று சொல்ல வேண்டாம், எங்கள் தயாரிப்பில் தாமதமாக வந்த ஒன்று என்றே சொல்லுங்கள் என்று ஒப்புக்கொண்டார். அந்த விமானம் பெட்ஃபோர்ட்ஷயரில் ஓல்டு வார்டன் என்ற கிராமத்தில் உள்ள ஷட்டில்வொர்த் தொகுப்பில் இருக்கிறது.

சரி, அப்படியானால் மியூசியத்தில் நிற்பதெல்லாம் சுத்த அசலா? அதுவும் கிடையாது. ரைட் சகோதரர்கள் 1903-ல் பறந்த விமானம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஆனால் அதன் இறக்கைத் துணியை 1927-லும் 1985-லும் மாற்றியிருக்கிறார்கள். பல மியூசியங்களில், குறிப்பாக முந்தைய தலைமுறையில், "ரெஸ்டோர்" என்ற பெயரில் அசல் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது வண்ணம் அடித்தார்கள். அந்த வண்ணத்துக்கு அடியில் தரைப் பணியாளர்கள் எழுதிய எழுத்துகளும், குண்டு துளைத்த இடத்தில் அவசரமாக அடித்த ஒட்டுகளும் போயே போய்விட்டன. படைத்தளங்களின் வாசலில் கம்பத்தில் நின்ற ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் பலவற்றை 1980-களின் கடைசியில் பிரிட்டனில் இறக்கிவிட்டு ஃபைபர்கிளாஸ் நகல்களை நிறுத்தினார்கள். மழையில் நின்று அசல் வீணாகிறதே என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் இன்று அந்த வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்பவர் பலருக்கு அது பிளாஸ்டிக் என்று தெரியாது.

தொடாமல் வைத்திருப்பது என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமா, பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் டபிள்யூ 1048-ஐப் பாருங்கள். 1942 ஏப்ரலில் நார்வே கடற்கழி ஒன்றில் பதுங்கியிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸைத் தாக்கப் போனது. அடிபட்டு, உறைந்த ஏரி ஒன்றின்மேல் வயிற்றால் இறங்கியது. பனி உருகியதும் ஏரிக்குள் மூழ்கிவிட்டது. 1973-ல் வெளியே எடுத்தார்கள். எடுத்தபோது இருந்த நிலையிலேயே பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறார்கள். கிழிந்த தகடும் வளைந்த புரொப்பெல்லரும் அப்படியே இருக்கின்றன. அதே அருங்காட்சியகத்தின் காஸ்ஃபோர்டு கிளையில் டார்னியர் 17 இருக்கிறது. 1940-ல் ஆங்கிலக் கால்வாயை ஒட்டிய கடலில் விழுந்து, 2013-ல் மேலே கொண்டுவரப்பட்ட ஜெர்மன் குண்டுவீச்சு விமானம், அந்த ரகத்தில் உலகில் மிஞ்சியது அதுதான். உப்பு ஊறிய அலுமினியம் காற்றுப்பட்டதும் வேகமாக அரிக்கும் என்பதால், கூடாரம் போட்டு உள்ளே சிட்ரிக் அமிலக் கரைசலை விடாமல் தெளித்து உப்பையும் கடல் ஒட்டுண்ணிகளையும் நீக்கினார்கள். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அதே அமிலம்தான். உலோகத்தைச் சாப்பிடாமல் படிவத்தை மட்டும் கரைக்க எவ்வளவு நீர்த்த கரைசல் வேண்டும் என்று முன்கூட்டியே சோதித்து வைத்திருந்தார்கள். என் தொழில்காரர்கள் பார்த்துத் தலைவணங்க வேண்டிய வேலை அது.

இந்த அசல் விவகாரத்தில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு இருப்பது பலருக்குத் தெரியாது. போர் முடிந்ததும் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஏராளமாகக் கைவிடப்பட்டுக் கிடந்தன. மறுபடி பறக்கக் கூடாது என்றே வேண்டுமென்று சேதப்படுத்திப் போட்டிருந்தார்கள். பெங்களூர் ஹெச்ஏஎல் (இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை) ஆட்கள் போய், ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் மாட்டி, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். முறையான தொழிற்சாலை ஆதரவு எதுவும் இல்லாமல், நாலு எஞ்சின் விமானத்தை அந்த நிலையில் ஓட்டுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று பராமரிப்பில் இருந்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். 1948 நவம்பரில் அவற்றை வைத்து நம் 5-ஆவது ஸ்குவாட்ரன் உருவானது. 1968 வரை அவை பறந்தன. மொத்தம் 18 ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட லிபரேட்டர்களில் பெரும்பாலானவற்றை மற்ற நாடுகளில் உருக்கித் தள்ளிவிட்டார்கள். அதனால் அரிசோனாவில் பீமா மியூசியத்தில் நிற்பது, கனடா தேசிய மியூசியத்தில் நிற்பது, பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பது, அமெரிக்காவில் 1989 முதல் பல ஆண்டுகள் ஏர் ஷோக்களில் பறந்தது, எல்லாமே இந்திய விமானப்படையிலிருந்து போனவை. ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஹரிகேன் சண்டை விமானம் ஆர் 4118-இன் கதையும் இப்படித்தான். 1940 வான்போரில் சண்டையிட்ட அந்த விமானம், 1947-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் பாடம் படிக்கக் கொடுக்கப்பட்டு, அங்கேயே வெயிலிலும் மழையிலும் கிடந்தது. 2001-ல் இங்கிலாந்துக்கு எடுத்துப் போய், 2004 டிசம்பரில் மறுபடி பறக்கவைத்தார்கள். போரில் பறந்த உடல், தொடர்ச்சியான வரலாறு, பறக்கும் நிலை மூன்றும் ஒரே விமானத்தில் சேருவது அரிது, இதில் சேர்ந்திருக்கிறது.

பழையதைப் பறக்கவிடலாமா என்று கேட்டால், இதில் எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள், என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு ரகத்தில் பல இருந்தால் சிலவற்றைப் பறக்கவிட வேண்டும். மெர்லின் எஞ்சின் சத்தத்தைக் கேட்காமல் ஸ்பிட்ஃபயரைப் புரிந்துகொள்ள முடியாது. பழுதுபார்க்கும் கைத்திறனும் விமானங்கள் பறப்பதால்தான் உயிரோடு இருக்கிறது. ஆனால் ரகத்தில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம் என்றால் தரையில் நிற்கட்டும். 1996-ல் அன்றைக்கு உலகில் பறந்துகொண்டிருந்த ஒரே மாஸ்கிட்டோ விமானம் இங்கிலாந்தில் ஒரு நிகழ்ச்சியில் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2019-ல் அமெரிக்காவில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம் விழுந்ததில் ஏழு பேர், 2022-ல் டல்லஸில் இரண்டு பழைய விமானங்கள் வானத்தில் மோதியதில் ஆறு பேர் போனார்கள். உலோகத்தை மறுபடி அடித்துக்கொள்ளலாம், ஆட்களை என்ன செய்வது? டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெஸ்ட்லாண்ட் வாபிட்டி என்ற பழைய ஈரடுக்கு இறக்கை விமானத்தைப் பறக்கவைக்கலாமே என்று யாராவது ஆசைப்பட்டால் நான் கை கூப்பி வேண்டாம் என்பேன். 1933-ல் நம் விமானப்படை தன் முதல் ஸ்குவாட்ரனைத் தொடங்கியதே வாபிட்டிகளை வைத்துத்தான்.

மியூசியத்துக்குள் போனதும் முழு விமானத்தையும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ரிவெட் வரிசையைப் பாருங்கள். வரிசை சீராகப் போய்க்கொண்டிருந்து ஒரு இடத்தில் மட்டும் நெருக்கமாகவோ வேறு தலை அளவிலோ இருந்தால், அங்கே என்றோ ஒரு பழுது நடந்திருக்கிறது. சக்கர அறைக்குள் குனிந்து பாருங்கள், வெளியே புது வண்ணம் அடித்தவர்கள் பெரும்பாலும் அங்கே கை வைத்திருக்க மாட்டார்கள், அசல் எழுத்துகள் மிஞ்சும் இடம் அதுதான். அடியில் எண்ணெய் பிடிக்கத் தட்டு வைத்திருந்தால் அந்த எஞ்சின் இன்னும் உயிரோடு இருக்கலாம். கல்லூரி வாசலிலும் பூங்காவிலும் நிற்கும் ஓய்வு பெற்ற போர் விமானங்களில் எஞ்சினைக் கழற்றியிருப்பார்கள், ஆபத்தில் விமானியை வெளியே தள்ளும் இருக்கையின் வெடி மருந்தும் போயிருக்கும். ஆனால் தகடு அசல்தான், அதன்மேல் ஓடிய கைகளும் அசல்தான்.

இங்கிலாந்துப் பயணத்துக்கு வருவோம். இரண்டில் ஒன்று என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டில் போர்க்கால விமான நிலையமே மியூசியமாக இருக்கிறது. அங்கே ஒரு ஹேங்கரில் பிரித்துப் போட்ட ஸ்பிட்ஃபயரைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம், அடுத்த நிமிஷம் வெளியே ஒன்று மேலே ஏறும். நான் மேலே சொன்ன இழுபறியை ஒரே நாளில் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அங்கே போங்கள். இரண்டாவது நாள் கிடைத்தால் ஓல்டு வார்டன் நிகழ்ச்சி. அங்கே இருக்கும் 1909 ப்ளேரியோ, இன்றும் அசல் எஞ்சினோடு தரையைவிட்டு எழும் உலகின் மிகப் பழைய விமானம். காற்று அடங்கிய மாலையில் மட்டும், நேர்கோட்டில் சிறு தாவலாக எழுந்து இறங்கும். காற்று இருந்தால் எடுக்கவே மாட்டார்கள், அதனால் நிச்சயம் பார்க்கலாம் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தக் காலச் சுழல் எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றுவார்கள். அவை ஓடும்போது விளக்கெண்ணெய் கருகும் வாடை புல்வெளி முழுக்கப் பரவும், நம் ஊர் ஆட்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். லண்டனில் நேரம் குறைவாக இருந்தால் ஹெண்டனில் ராயல் விமானப்படை அருங்காட்சியகம், கட்டணம் இல்லை, காலிண்டேல் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். அங்கே நிற்கும் லான்காஸ்டர் ஆர் 5868, 137 தாக்குதல்களுக்குப் போய்வந்ததாகக் கணக்கு. பறக்கும் பிஏ 474-ஐயும் ஏதாவது ஏர் ஷோவில் பார்க்க முடிந்தால், போருக்குப் போனது நிற்கிறது, போகாதது பறக்கிறது என்பதை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஏர் ஷோவுக்கு எங்கே போனாலும் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியை முதலிலேயே தீர்மானித்துவிட்டுப் போங்கள். அன்றைக்கு மெரினாவில் வெயிலிலும் கூட்டத்திலும் ஐந்து உயிர்கள் போனதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பயணத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்பதால் இங்கேயே தொடங்கலாம். பெங்களூரில் மாரத்தஹள்ளி பக்கம் உள்ள ஹெச்ஏஎல் பாரம்பரிய மையத்தில், ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் நமக்காக உருவாக்கி 1961-ல் முதன்முறை பறந்த மாருத் ஜெட் போர் விமானம் நிற்கிறது. கோவா டபோலிமில் கடற்படை விமான அருங்காட்சியகத்தில், முன்பு ஏர் இந்தியாவில் 'ராணி ஆஃப் எல்லோரா'வாகப் பறந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் பயணிகள் விமானம் இருக்கிறது. திறந்தவெளியில் உப்புக் காற்றில் நிற்பதால் அதைச் சீக்கிரம் போய்ப் பாருங்கள் என்றே சொல்வேன். விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் டியூ-142 கடல் கண்காணிப்பு விமானம் 2017 டிசம்பரிலிருந்து மியூசியமாக இருக்கிறது. அதன் கடைசித் தளம் நம் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளிதான். அங்கே ஓய்வு பெற்று, கடைசியாக விசாகப்பட்டினத்துக்குப் பறந்துபோய் இறங்கியது. அதற்குள்ளேயே ஏறி நடந்து பார்க்கலாம். போனால் இறக்கையின் அடிப்பக்கம், சக்கர அறை இரண்டையும் மறக்காமல் பாருங்கள்.